முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்விடம் தேடுவோர்க்கு: வாசகர் கேள்வி – பதில்

முனைவர் பட்ட மேலாய்வு, அதாவது மாணவர்கள் வழக்கில் ‘போஸ்ட்டாக்’, குறித்து வந்த கடிதங்களில் அறிவியல் துறையினரின் கடிதங்களே மிகுதி. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயரைத் தவிர்க்குமாறு பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி (திருச்சிராப்பள்ளி, பொருளறிவியல்): ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஆறு மாதங்கள் உள்ளன. வேலைவாய்ப்புத் தளங்களில் கண்ட அறிவிப்புகள் அனைத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. வேறு எங்கே தேடுவது?

பதில்: தேடும் இடத்தைவிட, அந்த இடம் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலாய்வு இடங்கள் இரண்டு வழிகளில் உருவாகின்றன. ஒரு பேராசிரியர் தாம் வென்ற ஆய்வு மானியத்திலிருந்து ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்திக்கொள்வது முதல் வழி. ஆய்வாளர் தாமே ஒரு முன்மொழிவை எழுதி, ஓர் அறக்கட்டளையிடமோ அரசு அமைப்பிடமோ உதவித்தொகை பெற்று, அந்தப் பணத்தோடு தமக்கு ஏற்ற ஆய்வகத்துக்குச் செல்வது இரண்டாம் வழி. இரண்டுக்கும் காலக்கணக்கு வேறு, எழுத வேண்டிய தாள்களும் வேறு. நீங்கள் முதல் வழியில், அதுவும் அதன் கடைசி வாசலில் மட்டும் நின்று தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசி வாசல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மானியம் கிடைத்த அன்றே அந்த இடம் பிறந்துவிடுகிறது. விளம்பரம் வெளியாவது அதற்குப் பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள் கழித்துத்தான். அதற்குள் பேராசிரியருக்கு அறிமுகமான ஒருவர் கிடைத்துவிட்டால், பல்கலைக்கழக விதியை நிறைவேற்றுவதற்காக மட்டும் அறிவிப்பு வெளியாவதும் உண்டு. ஆகவே அறிவிப்பைத் தேடுவதோடு நில்லாமல் மானியத்தைத் தேடுங்கள். மானியப் பட்டியல்கள் பெரும்பாலான நாடுகளில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவ, உயிரியல் துறைகளுக்கு என்.ஐ.எச். ரிப்போர்ட்டர், பிற அறிவியல் துறைகளுக்கு என்.எஸ்.எஃப். அவார்டு சர்ச், ஜெர்மனிக்குக் கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், பிரிட்டனுக்குக் கேட்வே டு ரிசர்ச், ஜப்பானுக்குக் காக்கென். இவற்றில் உங்கள் துறைச் சொல் ஒன்றை இட்டுத் தேடினால், யாருக்கு, எந்தக் கேள்விக்காக, எந்த ஆண்டு வரை பணம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐந்தாண்டுத் திட்டத்தின் நான்காம் ஆண்டில் இருப்பவருக்கு எழுதுவதும், முதல் ஆண்டில் இருப்பவருக்கு எழுதுவதும் ஒன்றல்ல.

இவ்வகையில் நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வது, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க மானியப் பட்டியலைப் பாருங்கள் என்பது. இந்த மானியம் வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைப்பது. முடிவுகள் பொதுவாகச் செப்டம்பர் மாதத்தில் அறிவிக்கப்படுகின்றன. வென்றவர்கள் பெரும்பாலும் இளம் பேராசிரியர்கள். அப்போதுதான் சொந்தக் குழுவைக் கட்டத் தொடங்கியிருப்பார்கள். ஆள் தேவை அவர்களுக்கு உடனடியானது. உலகப் புகழ்பெற்ற மூத்த பேராசிரியரின் அஞ்சல் பெட்டியில் உங்கள் கடிதம் நூற்றில் ஒன்றாகக் கிடக்கும்போது, இவர்கள் அதை முழுவதும் படிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

துறைக்குத் துறை வழக்கமும் மாறுகிறது. கணிதத்தில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் மேத்ஜாப்ஸ் தளத்தைப் பார்க்காமல் யாரும் விண்ணப்பிப்பதில்லை. துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர் தளம் இருக்கிறது. வானியலில் அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேடுதான் நாட்காட்டியே: இலையுதிர்காலத்தில் அறிவிப்புகள் குவிகின்றன, வாய்ப்பு பெற்றவர்களைப் பிப்ரவரி 15-க்கு முன் முடிவு சொல்லும்படி நெருக்கக் கூடாது என்ற பொது உடன்பாடும் அத்துறையில் உண்டு. உங்கள் பொருளறிவியலிலோ வேதியியலிலோ அப்படி ஒரு பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் இடம் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவுக்கு யூராக்சஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யூகே ஆகிய தளங்களில் மின்னஞ்சல் எச்சரிக்கை ஒன்றை அமைத்துவிட்டால் போதும்; நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கால அளவைப் பொறுத்தவரை, ஆய்வேட்டுக்கு ஓராண்டு முன்பே, அதாவது சினாப்சிஸ் எனப்படும் ஆய்வேட்டுச் சுருக்கத்தை எழுதத் தொடங்கும் நிலையிலேயே, கடிதப் போக்குவரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது தாமதம்தான். ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு சமர்ப்பித்தபின் தேர்வாளர் அறிக்கைகள் வந்து வாய்மொழித் தேர்வு நடப்பதற்கு ஆகும் காலத்தை எண்ணிப் பார்த்தால், உங்களுக்கு அந்தக் காத்திருப்பும் பயன்படும். உங்கள் ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளிநாட்டுத் தேர்வாளரை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மிகச் சிலரில் அவர் ஒருவர். வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு அவருக்கு எழுதுவதில் எந்த முறைகேடும் இல்லை. முடிவதற்கு முன் எழுதக் கூடாது.

கேள்வி (காரைக்குடி, மின்வேதியியல்): நான் பேராசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நகலை இணைத்துள்ளேன். இதில் என்ன குறை?

பதில்: நீங்கள் அனுப்பியதன் முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன்: “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மின்வேதியியலில் முனைவர் பட்டம் பெறும் நிலையில் உள்ளேன். தங்கள் ஆய்வகம் உலகப் புகழ் வாய்ந்தது. தங்கள் மேலான வழிகாட்டுதலில் பணியாற்றுவது என் வாழ்நாள் கனவு. எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம், டிஇஎம், ராமன், சுழற்சி வோல்ட்டாமெட்ரி ஆகியவற்றில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் கடுமையாக உழைப்பேன்.”

இதில் பணிவு இருக்கிறது, உழைக்கும் மனம் இருக்கிறது, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றி உலகில் உள்ள எந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் இதை அனுப்ப முடியும். படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கருவிகளின் பட்டியல் உங்கள் துறையில் பட்டம் பெற்ற எவரிடமும் இருப்பது. அது தன்விவரக் குறிப்பில் இருக்கட்டும். பேராசிரியர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இவர் வந்தால் என் ஆய்வகத்தில் எந்தக் கேள்வி நகரும்?

நீங்கள் சோடியம்-அயனி மின்கலத்தில் பணியாற்றியிருப்பதாகத் தன்விவரத்தின் இரண்டாம் பக்கத்தில்தான் தெரிகிறது. கடிதத்தை அங்கிருந்து தொடங்குங்கள். இப்படி எழுதலாம்: “ஹார்டு கார்பன் எதிர்மின்வாயில் முதல் சுழற்சியிலேயே கொள்ளளவில் ஒரு பகுதி இழக்கப்படுவது குறித்துத் தங்கள் குழு அண்மையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இழப்புக்கு மேற்பரப்பில் உருவாகும் படலமே முதன்மைக் காரணம் என்று அதில் கூறியிருக்கிறீர்கள். என் ஆய்வில், துளைகளின் அளவைக் கட்டுப்படுத்தித் தயாரித்த கார்பனில், மேற்பரப்பு ஒரே அளவில் இருந்தும் இழப்பு வேறுபடுவதைக் கண்டேன். துளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும் சோடியத்தின் பங்கைத் தனியே பிரித்தறிய, தங்களிடம் உள்ள திண்ம நிலை என்எம்ஆர் வசதியைப் பயன்படுத்த முடியும் என்று கருதுகிறேன்.” இந்த நான்கு வாக்கியங்களை வேறு எந்த ஆய்வகத்துக்கும் அனுப்ப முடியாது. படித்தவர் உங்களோடு உடன்படாமல் போகலாம். ஆனால் மறுத்து எழுதுவதற்காகவாவது பதில் போடுவார், அங்கேதான் உரையாடல் தொடங்குகிறது. (உதாரணத்துக்காக எழுதியது இது, உங்கள் தரவு சொல்லாததை இப்படி எழுதிவிடாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.)

இதன்பின் நீங்கள் யார், எப்போது பட்டம் கிடைக்கும், சொந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா என்பன மூன்று வரிகளில் வர வேண்டும். தன்விவரம் இரண்டு பக்கத்தில், பிடிஎஃப் கோப்பாக. கோப்புக்கு உங்கள் பெயரை இடுங்கள், ‘புதிய சிவி இறுதி 3’ என்று விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல்; ஒரே துறையின் எட்டுப் பேராசிரியர்களை ஒரே கடிதத்தில் சேர்ப்பதைவிட அனுப்பாமலே இருக்கலாம். பெண் பேராசிரியருக்கு ‘சர்’ என்று எழுதி அனுப்பப்பட்ட கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பெற்றவர் மேலே படித்திருக்க மாட்டார். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மனத்தாங்கல் வேண்டாம், பெரும்பாலும் அவர்களிடம் பணம் இல்லை என்பதே காரணம்.

கேள்வி (சேலம்): வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்துள்ளது. ஆவணச் சரிபார்ப்புக்குக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். மேலாய்வாளர் ஊதியம் பெறுபவர். நேர்காணலே நடத்தாமல் இடம் கொடுப்பதும், கொடுத்த இடத்துக்குப் பணம் கேட்பதும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வழக்கமில்லை. மின்னஞ்சல் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்தக் களப்பெயரில் முடிகிறதா என்று பாருங்கள். பிறகு துறையின் இணையப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே தனியாக எழுதிக் கேளுங்கள். விசா விண்ணப்பத்துக்கு அரசு வாங்கும் கட்டணம் வேறு. அதை நீங்கள் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ வழியில் செலுத்துவீர்கள், பேராசிரியருக்கு அல்ல.

கேள்வி (சென்னை, உயிர்வேதியியல்): என் நெறியாளர், “பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்திட்டுத் தருகிறேன்” என்கிறார். இது சரியா? மூன்றாவது கடிதத்துக்கு யாரைக் கேட்பது?

பதில்: நம் ஊரில் பரவலாக நடப்பதுதான், ஆனால் உங்களுக்கே கேடு விளைவிப்பது. தன்னைப் பற்றித் தானே எழுதும் மாணவர் ‘மிகச் சிறந்த, கடின உழைப்பாளி’ என்ற பொதுச் சொற்களுக்குள் ஒடுங்கிவிடுவார். அல்லது கூச்சத்தால் குறைத்து எழுதுவார். நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்துப் பழகிய தேர்வுக் குழுவுக்கு, மாணவரின் நடையும் நெறியாளரின் நடையும் வேறுபடுவது எளிதில் புலப்படும். மேலும் இப்போது பெரும்பாலான இடங்களில் கடிதத்தைப் பரிந்துரைப்பவரே இணைய வழியில் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். நிறுவன மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயமாகக் கேட்கும் இடங்களும் பல.

நேரடியாக மறுப்பது உங்களால் இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள்: எந்த ஆண்டில் எந்தச் சிக்கல் வந்தது, அதை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள், எந்தக் கட்டுரையில் எந்தப் படம் உங்கள் சோதனையிலிருந்து வந்தது, எந்த இளையவருக்கு எந்த நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தீர்கள். “சார், உங்களுக்கு வேலை குறையட்டும் என்று விவரங்களைத் தொகுத்திருக்கிறேன்” என்று சொன்னால் பெரும்பாலான நெறியாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். புரதத்தைத் தூய்மைப்படுத்தும் போது ஒவ்வொரு முறையும் அது வீழ்படிவாகியதையும், நீங்கள் உப்பின் செறிவை மாற்றி மாற்றிப் பார்த்து நான்கு மாதத்தில் அதைச் சரிசெய்ததையும் அவர் இரண்டு வரியில் எழுதினால், அது பத்து ‘மிகச் சிறந்த’வை விட எடை கூடியது. கடைசி நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கேளுங்கள். மூன்றாவது கடிதத்துக்குத் துறைத் தலைவரைவிட உங்கள் டாக்டோரல் கமிட்டி உறுப்பினரோ, கட்டுரையில் கூட்டாசிரியராக இருந்த வேறு நிறுவன அறிவியலாளரோ பொருத்தம். பதவி பெரிதாக இருந்து, உங்களைத் தெரியாதவர் எழுதும் கடிதத்தால் பயனில்லை.

கேள்வி (வேலூர், மூலக்கூறு உயிரியல்): மேரி கியூரி, ஹம்போல்ட், எம்போ என்று பல உதவித்தொகைகளின் பெயர்களைக் கேள்விப்படுகிறேன். எதை முதலில் முயல்வது?

பதில்: பட்டம் பெற்ற நாளிலிருந்து எதற்கு முதலில் கதவு அடைபடுகிறதோ அதை முதலில். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும். இந்தியா அதில் இணை உறுப்பு நாடு என்பதால் நமக்கு வாசல் உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை மேலாய்வாளர்களுக்குப் பட்டம் பெற்றபின் விண்ணப்பிக்க நான்கு ஆண்டுகள் அவகாசம் தருகிறது. ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டுக் கழகமான ஜே.எஸ்.பி.எஸ். தரும் உதவித்தொகைக்கு ஆறு ஆண்டுகள். ஆனால் அதில் விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல, உங்களை ஏற்கும் ஜப்பானியப் பேராசிரியர்தான் தம் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிப்பார். ஆகவே அவருடைய ஆர்வத்தைப் பெறுவதே அங்கே தேர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி மேலாய்வு உதவித்தொகைக்கு எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் வரை இடம் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

இவற்றில் ஹம்போல்டின் இயல்பை நம்மவர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அதற்குக் கடைசி நாள் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், தேர்வுக் குழு ஆண்டில் மூன்று முறை கூடுகிறது. நாட்டுக்கோ துறைக்கோ ஒதுக்கீடும் இல்லை. அவசரமாக அனுப்பிவிட்டு வருந்துவதைவிட, அச்சில் இருக்கும் கட்டுரை வெளியாகும் வரை இரண்டு மாதம் காத்திருந்து அனுப்புவது அங்கே நல்லது.

மேரி கியூரி இதற்கு நேர்மாறு. பொதுவாக வசந்த காலத்தில் அறிவிப்பு வெளியாகிச் செப்டம்பரில் முடியும். 2024-இல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2025-இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகிவிட்டன. போட்டி கடுமைதான். இருந்தாலும் நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் போட்டியால் அல்ல, விதியைப் படிக்காததால். இடம்பெயர்வு விதி என்று ஒன்று இருக்கிறது: கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் செல்லவிருக்கும் நாட்டில் வசித்திருக்கவோ முதன்மைப் பணி செய்திருக்கவோ கூடாது. பெல்ஜியத்தில் ஒன்றரை ஆண்டு ஒப்பந்தப் பணியில் இருந்துகொண்டு, அதே நாட்டில் தொடர மேரி கியூரிக்கு எழுதினால் முன்மொழிவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எல்லைக்கு அப்பால் நெதர்லாந்துக்கு எழுதினால் தடையில்லை. பட்டச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும், கடைசி நாளுக்குள் வாய்மொழித் தேர்வில் வெற்றி பெற்றிருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே ஜூலையில் நடக்க வேண்டிய வாய்மொழித் தேர்வு தேர்வாளரின் வசதிக்காக அக்டோபருக்குப் போனால் உங்களுக்கு ஓர் ஆண்டு போகும். அதை நெறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பப் படிவத்தில் ‘இரா ஃபெலோஷிப்’ என்ற கட்டம் இருக்கும். போர்ச்சுகல், செக் குடியரசு போன்ற, ஆய்வுத் திறனை வளர்க்க ஐரோப்பிய ஒன்றியம் தனியே உதவும் நாடுகளைத் தேர்ந்தவர்கள் அதில் ஒப்புதல் அளித்தால், மேரி கியூரியில் தவறிய முன்மொழிவையே இரண்டாம் முறையாக அந்தப் பட்டியலில் கருதுவார்கள். ஒரே உழைப்புக்கு இரண்டு வாய்ப்பு. நம் மாணவர்கள் லண்டன், பாரிஸ் என்றே பார்ப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி (திருநெல்வேலி, இயற்பியல்): கோட்பாட்டு இயற்பியலில் பட்டம் பெற்றேன். உயிரியலுக்கு மாற விரும்புகிறேன். காலம் கடந்துவிட்டதா?

பதில்: சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் ஒகையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு சான் டியாகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார்; அதன்பின்தான் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் மேலாய்வாளராகி, செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமைத் தொட்டார். மேலாய்வுக்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் பணியாற்றினார். 2009-இல் வேதியியல் நோபல் பரிசு. எல்லாருக்கும் அப்படி அமையும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. துறை மாறுவதற்கு மேலாய்வுக் காலமே உரிய காலம் என்பதற்காகவும், மாறியவருக்குச் சில ஆண்டுகள் கூடுதலாகப் பிடிக்கும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ‘உயிரியலில் ஆர்வம் உண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. செல்கள் கூட்டமாக நகர்வதா, குரோமோசோம் மடிவதா, நரம்பு வலையா என்று ஒன்றைப் பிடியுங்கள். அதில் உங்கள் புள்ளியியல் இயந்திரவியல் எங்கே பயன்படும் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும் என்று பொருள். ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம் என்ற அமைப்பு, இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளிலிருந்து உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே தனிப் பிரிவில் உதவித்தொகை தருகிறது. இந்தியாவுக்குள் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம், சென்னை தரமணியில் மேட்சயின்ஸ் என்று நாம் அழைக்கும் கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் இந்த எல்லையில் பணியாற்றும் குழுக்கள் உள்ளன.

கேள்வி (மதுரை, தாவரவியல்): எனக்கு 36 வயது. குழந்தை பிறந்ததால் மூன்று ஆண்டுகள் ஆய்விலிருந்து விலகியிருந்தேன். வெளிநாடு செல்லும் நிலையில் இல்லை. இந்தியாவிலேயே வழியுண்டா? மேலாய்வு செய்வதால் கல்லூரிப் பணிக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு. தேசிய மேலாய்வு உதவித்தொகையை முன்பு செர்ப் எனப்படும் அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் நடத்தியது. அவ்வமைப்பு இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையில் இணைந்துவிட்டது. செர்பின் அறிவிப்புகளில் வயது உச்சவரம்பு 35 என்றும், பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு என்றும் இருந்தது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அத்தளர்வு இருந்தது. புதிய அறிவிப்பு வந்ததும் அந்தப் பகுதியை முதலில் படியுங்கள். ஆய்வை இடைநிறுத்திய பெண்களுக்கென்று அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் வைஸ்-கிரண் திட்டத்தையும் பாருங்கள்.

இவை கிடைக்கும் வரை திட்டப் பணியில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்வதில் தாழ்வு ஒன்றுமில்லை. 1-1-2023 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று நிலைகளில் தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் திட்டம் எப்போது முடிகிறது என்பதையும், பணம் மாதந்தோறும் வருகிறதா, அல்லது நிதி ஒதுக்கீடு வந்த பிறகு மொத்தமாக வருகிறதா என்பதையும் ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள். இந்த ஒன்றைக் கேட்கத் தயங்கிக் கடன்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கல்லூரிப் பணியைப் பொறுத்தவரை, 2018-ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைத் தெரிவு செய்யும் அட்டவணையில், கற்பித்தல் அல்லது மேலாய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் 10 வரை கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் வெளிநாட்டு எண்ணம் வந்தாலும் மூன்றாண்டு இடைவெளி உங்களைத் தடுக்காது. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக் காலத்தை மேரி கியூரியும் ஹம்போல்டும் தங்கள் கணக்கில் சலுகையாகக் கருதுகின்றன. தன்விவரத்தில் அந்த இடைவெளியை மறைக்காமல் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். விளக்கம் எழுதி மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர், வேதியியல்): அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள், ஜெர்மனியிலும் ஒருவர் ஆர்வம் காட்டுகிறார். என்ன கேட்பார்கள், நான் என்ன கேட்க வேண்டும்? அமெரிக்க விசா நிலைமை அச்சமூட்டுகிறதே?

பதில்: வழக்கமாக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்வார்கள், பிறகு குழுவினர் கேள்வி கேட்பார்கள். ஐந்தாண்டு ஆய்வையும் அடக்க முயலாமல் ஒரே கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதில் தோற்ற சோதனை ஒன்றையும் சொல்லுங்கள். “இங்கே வந்தால் முதல் ஆறு மாதத்தில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும்.

நீங்கள் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்குப் பணம் உறுதி? ஒப்பந்தம் ஓராண்டுக்கு எழுதிப் புதுப்பிப்பதா, முழுக் காலத்துக்கா? மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா? நான் தொடங்கும் ஆய்வில் ஒரு பகுதியைப் பின்னர் என்னோடு எடுத்துச் செல்லலாமா? முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே? கடைசிக் கேள்வியைப் பேராசிரியரிடம் கேட்பதோடு, அந்த முன்னாள் மேலாய்வாளர் ஒருவருக்குத் தனியே எழுதியும் கேளுங்கள்.

அமெரிக்காவில் மேலாய்வாளர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் செல்கிறார்கள். ஆய்வாளர் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கலாம். முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை நம்மவர் பலருக்கு இடையூறாக இருந்தது. அந்த நிபந்தனை எந்த நாட்டவருக்குப் பொருந்தும் என்று காட்டும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஃபுல்பிரைட் போன்று அரசுப் பணத்தில் செல்பவர்களுக்கு நிபந்தனை தொடர்கிறது. எச்-1பி என்ற பணி விசாவுக்கு 2025 செப்டம்பரில் விதிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைப்பவருக்கு அந்த விசாவை எடுக்கப் பல்கலைக்கழகங்கள் தயங்குகின்றன. ஆகவே எந்த விசா என்பதை முதல் உரையாடலிலேயே கேட்டுவிடலாம். அதே ஆண்டில் அங்கே பல ஆய்வு மானியங்கள் இடையில் நிறுத்தப்பட்டதால், ‘எந்த மானியத்திலிருந்து என் ஊதியம் வருகிறது?’ என்று கேட்பதை இப்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விடை கிடைத்ததும் மேலே சொன்ன பொதுப் பட்டியல்களில் அதன் முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் ஊதியம் பேரத்துக்கு உட்பட்டதன்று. பல்கலைக்கழகங்களில் பொதுவாக டிவி-எல் எனப்படும் மாநில அரசுப் பணியாளர் ஊதிய அட்டவணையின் இ-13 நிலை, அனுபவத்தைப் பொறுத்துப் படி கூடும். உங்கள் முந்தைய ஆய்வு அனுபவத்தை எந்தப் படியில் கணக்கிடுவார்கள் என்பதை மட்டும் ஒப்பந்தத்துக்கு முன் பணியாளர் பிரிவிடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். சேர்ந்தபின் மாற்றுவது கடினம். பட்டத்துக்குப் பின் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் பொதுவாக ஆறு ஆண்டுகள் என்று வரம்பு வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வரும் மூன்றாம் தரப்பு மானியத்தில் இருப்பவர்களுக்கு அது தளர்கிறது.

ஓரிடம் முன்கூட்டி விடை கேட்டு நெருக்கினால், இரண்டாம் இடத்துக்கு மறைக்காமல் எழுதுங்கள்: “எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், தங்கள் முடிவு அதற்குள் தெரியுமா?” என்று கேட்டால் போதும். முதல் இடத்திடம் பத்து நாள் அவகாசம் கேட்பதும் முறையானதே. வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இன்னோர் இடத்தை மறுத்துவிடாதீர்கள். ஊதியம், காலம், சேரும் நாள் மூன்றும் உள்ள பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே மறுப்பை அனுப்புங்கள். அதற்கிடையில் பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.